மலை வீட்டுச் சுவருக்குச் சாம்பல் நிறம்: அடித்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கோத்தகிரியிலிருந்து:

கோயம்புத்தூரில் தங்கை வீட்டு ஹாலுக்கும் எங்கள் வீட்டு ஹாலுக்கும் ஒரே ஷேடு நம்பர். ஒரே கடையில் மெஷினில் கலக்கி வாங்கியது. அவள் வீட்டில் அது லேசாகச் சந்தனம் ஓடிய கிரே. இங்கே ஆடி மாத மதியத்தில் பார்த்தால் நீலம். மாமியார் உள்ளே வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கு" என்றார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

கடையில்தான் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று வீட்டுக்காரருக்குச் சந்தேகம். இரண்டு வீட்டிலும் மிச்சமிருந்த பெயின்டை ஒரே அட்டையில் பக்கத்துப் பக்கத்தில் பூசிக் காயவைத்தோம். நடுவில் கோடே தெரியவில்லை. அந்த அட்டையைக் கீழே கொண்டுபோனால் இரண்டு பாதியும் சந்தனம், மேலே கொண்டுவந்தால் இரண்டு பாதியும் நீலம். ஆக, பெயின்டில் குறை இல்லை. வெளிச்சம்தான் வேறு.

வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் கணக்கில் சொல்வார்கள், எண் கூடினால் நீலம், குறைந்தால் மஞ்சள். மேகம் மூடிய வானத்தின் வெளிச்சம் 6500 கெல்வின் வாக்கில் இருக்கும். வானம் திறந்த நாளில் நிழல் பக்கத்து ஜன்னல் வழியாக வருவது அதைவிட நீலம். காவி, மஞ்சள் போன்ற சுவரில் இது அவ்வளவாகத் தெரியாது. சாம்பலுக்குச் சொந்த நிறம் குறைவு என்பதால், வருகிற வெளிச்சத்தின் நிறத்தை வாங்கிக் காட்டிவிடுகிறது.

வெளிநாட்டுக் குறிப்புகள் எல்லாம் வடக்கு ஜன்னல் அறைக்கு வெயில் வராது என்று வைத்துக்கொண்டு கலர் சொல்கின்றன. லண்டனுக்கு அது சரி. நாம் இருப்பது 11 டிகிரி அட்சரேகையில். ஏப்ரல் 20 வாக்கிலிருந்து ஆகஸ்ட் 20 தாண்டும்வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். எங்கள் வடக்கு அறைக்குச் சித்திரையில் ஒரு நிறம், மார்கழியில் வேறு நிறம்.

ஹாலை மறுபடி அடிக்கப்போகிறோம். மூடுபனியிலும் நீலம் காட்டாத கிரே யாராவது அடித்திருக்கிறீர்களா?

ஊட்டியிலிருந்து, பெயின்டர்:

அக்கா, இந்தப் பஞ்சாயத்து எனக்கு வருஷா வருஷம் வரும். வெள்ளை பேஸில் கருப்பு மட்டும் விட்டுக் கலக்கினால் வருகிற கிரே, கீழேயே கொஞ்சம் நீலம் அடிக்கும். இங்கே கேட்கவே வேண்டாம். கருப்போடு மஞ்சள் ஆக்ஸைடும் ஒரு துளி சிவப்பு ஆக்ஸைடும் விழுந்தால்தான் மலையில் அது கிரேயாகவே தெரியும். எந்த ஸ்டெய்னர், அதாவது பேஸில் கலக்கும் நிறச் சாயம், எவ்வளவு விழுகிறது என்பது கடை கம்ப்யூட்டரில் வரும். காட்டச் சொல்லிக் கேளுங்கள். மஞ்சளும் சிவப்பும் இல்லாமல் நீலமோ பச்சையோ இருந்தால் அந்த நம்பரை விட்டுவிடுங்கள்.

ஷேடு கார்டை வெறுமனே பார்த்தால் எல்லா கிரேயும் ஒன்றுதான். வெள்ளைப் பேப்பர் மேல் வைத்துப் பாருங்கள். அதே பட்டையில் கடைசியில் இருக்கும் அடர்ந்த ஷேடையும் பாருங்கள், உள்ளே என்ன நிறம் ஒளிந்திருக்கிறது என்று அது காட்டிக்கொடுக்கும். பழைய பச்சைச் சுவரில் ஒரு கை அகலத்துக்குப் பூசிப் பார்ப்பது வீண், சுற்றியுள்ள பச்சை கண்ணைக் குழப்பும். பெரிய அட்டையில் இரண்டு கோட் பூசி, காலையில் ஒரு சுவர், பனி இறங்கும்போது ஒரு சுவர், ராத்திரி லைட் போட்டு ஒரு சுவர் என்று சாய்த்து வைத்துப் பாருங்கள். எமல்ஷன் ஈரத்தில் வெளிறித் தெரியும், காய்ந்தால் ஒரு படி கருக்கும். இங்கே காய்வதும் மெதுவாகத்தான். அன்றைக்குச் சாயங்காலமே முடிவு எடுக்காதீர்கள்.

டிசம்பர், ஜனவரியில் வேலை வைத்தால் வெயில் ஏறிய பிறகுதான் பிரஷ்ஷை எடுப்பேன். 10 டிகிரிக்குக் கீழே எமல்ஷன் சரியாகப் படலம் கட்டாது, பிறகு துடைத்தால் கையோடு வரும். அப்புறம், ஓதத்தை மறைக்க டார்க் கிரே கேட்பவர்கள் நிறையப் பேர். மறையாது. சுவரிலிருந்து உப்புப் பூத்தால் வெள்ளையில் அவ்வளவாகத் தெரியாது, டார்க் கிரேயில் பளிச்சென்று தெரியும்.

கொடைக்கானலிலிருந்து:

நாங்கள் வீட்டில் இரண்டு அறையை வாடகைக்கு விடுகிறோம். மதுரையிலிருந்து வந்த ஒரு அம்மா கிரே அறையைப் பார்த்துவிட்டு, "பூச்சு வேலை முடிஞ்சிருச்சு போல, பெயின்ட் எப்ப அடிப்பீங்க?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தேன், ஆனால் கேள்வி உறைத்தது. பெயின்ட் பில் கட்டியது நான்தானே.

எங்களுக்குக் கைகொடுத்தது பெயின்ட் இல்லை, பல்பு. அந்த அறையில் எரிந்தது 6500 கெல்வின் டியூப் லைட். அதைக் கழற்றிவிட்டு 3000 கெல்வின் பல்பு போட்டதும் சுவர் சிமென்ட் நிறத்திலிருந்து இறங்கி வந்துவிட்டது. விருந்தாளிகள் பெரும்பாலும் சாயங்காலம்தான் அறைக்குள் இருக்கிறார்கள், அந்த நேரத்துக்கு இது போதும்.

பகலுக்கு வேறு கணக்கு. ஷேடுக்குப் பக்கத்தில் எல்ஆர்வி என்று ஒரு எண் சில கார்டுகளில் இருக்கும். 0 என்றால் வெளிச்சத்தை முழுக்க விழுங்கும் கருப்பு, 100 என்றால் முழுக்கத் திருப்பி அனுப்பும் வெள்ளை. பைன் மர நிழல், மரப்பலகைச் சீலிங், சின்ன ஜன்னல் உள்ள மலை அறைக்கு 60க்குக் கீழே போக எனக்குத் தைரியமில்லை. வாட்ஸாப்பில் வரும் போட்டோவைப் பார்த்துக் கலர் முடிவு செய்ய வேண்டாம். போன் கேமரா தன் இஷ்டத்துக்கு வெள்ளையைத் திருத்திக்கொள்ளும்.

குன்னூரிலிருந்து:

ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவு இருந்தால் பச்சை உள்ளே வரும். தரை பழைய ரெட் ஆக்ஸைடு என்றால் சுவரின் கீழ்ப்பாதி ரோஸ் அடிக்கும். எங்கள் வீட்டில் இரண்டும் உண்டு, ஒரே சுவரில் மேலே பச்சைச் சாயல், கீழே ரோஸ். அண்ணனுக்கு அது பிடித்திருக்கிறது, எனக்கு இல்லை.

வெள்ளைக்காரன் காலத்துச் சுண்ணாம்புச் சுவர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் மேல் பிளாஸ்டிக் எமல்ஷன் போட்டால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் கொப்பளம் விடும். நாங்கள் நீற்றுச் சுண்ணாம்பிலேயே கருப்பு ஆக்ஸைடு கொஞ்சம் கலந்து அடித்தோம். பெயின்டர் தம்பி சொன்னதற்கு நேர்மாறாக, இது ஈரத்தில் கருத்திருக்கும், காய்ந்தால் நன்றாக வெளுத்துவிடும். அடிக்கும்போது பயப்பட வேண்டாம்.

கோத்தகிரியிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. மஞ்சள் ஆக்ஸைடு உள்ள இரண்டு நம்பரை அட்டையில் பூசி வைத்திருக்கிறேன். தம்பி, ஹாலுக்கு 20 லிட்டர் டிரம் ஒன்றும் 4 லிட்டர் டப்பா ஒன்றும் ஆகும் போல. தனித்தனியாக வாங்கினால் நிறம் ஒத்துப்போகுமா?

ஊட்டியிலிருந்து, பெயின்டர்:

கிரேயில் துளி வித்தியாசமும் தெரியும் அக்கா. இரண்டையும் ஒரே நாளில் கலக்கி வாங்குங்கள். பேஸ் டப்பாவின் பேட்ச் நம்பர் ஒன்றா என்று பாருங்கள். தண்ணீர் விடுவதற்கு முன்னால் இரண்டையும் ஒரே பெரிய பக்கெட்டில் ஊற்றிக் கலக்கிவிடுங்கள். ஒரு சுவரைப் பாதியில் நிறுத்திவிட்டு அடுத்த டப்பாவைத் திறக்க வேண்டாம், மூலைக்கு மூலை முடித்துவிடுங்கள். மிச்சத்தை மூடியில் நம்பர் எழுதி வீட்டுக்குள்ளேயே வையுங்கள். வெளியே ஷெட்டில் வைத்தால் உறைபனி பட்டுத் திரிந்துவிடும்.