‘பளிச்னு வேணும்’னா என்ன வேணும்? லோகோ கேட்பவரும் வரைபவரும்: பாண்டி, கடலூர்க்காரர்களின் அனுபவப் பகிர்வு

அரியாங்குப்பம் ஓவியர்

கடைக்காரர் வாயில் வரும் சொல் ஒன்று, வரைபவர் கை மாற்றக்கூடிய பொருள் வேறொன்று. இரண்டையும் சேர்த்துவைக்காமல் வேலையை ஆரம்பித்தால் ஏழாவது திருத்தத்திலும் ‘என்னமோ குறையுதுங்க’ என்றுதான் பதில் வரும்.

அதிகம் கேட்கும் புகார் ‘பளிச்னு இல்ல’. இதற்கு மூன்று அர்த்தம் உண்டு. ஒன்று, எழுத்துக்கும் பின்னணிக்கும் நடுவே இருட்டு-வெளிச்ச வேறுபாடு போதவில்லை. இரண்டு, நிறத்தில் செறிவு இல்லை, சாம்பல் கலந்த மாதிரி இருக்கிறது. மூன்று, கோடு மெலிந்திருக்கிறது. எதுவென்று அறிய, படத்தை போனிலேயே கறுப்பு வெள்ளையாக்கி, கையை நீட்டிப் பிடித்துக் காட்டுங்கள். எழுத்து பின்னணியில் கரைந்துபோனால் முதல் காரணம். கரையாமல் நின்றால் நிறத்தையும் கோட்டையும் தனித்தனியாக மாற்றிக் காட்டிக் கேட்கலாம்.

பாண்டியின் பிரெஞ்சுக்காலப் பகுதியான ஒயிட் டவுன் பக்கம் கஃபே திறப்பவர்கள் பலர் அங்குள்ள சுவர்களின் மஞ்சளையே லோகோவுக்கும் கேட்கிறார்கள். கேட்கட்டும், அழகான நிறம்தான். ஆனால் மஞ்சளும் வெள்ளையும் இரண்டுமே வெளிச்சம். மஞ்சளில் வெள்ளை எழுத்தோ, வெள்ளையில் மஞ்சள் எழுத்தோ எதிர்ச்சாரியிலிருந்து படிக்க முடியாது. அதே தெருமுனையில் இருக்கும் நீலத் தெருப்பெயர்ப் பலகையைப் பாருங்கள். நீலத்தில் வெள்ளை, தூரத்திலிருந்தே தெரிகிறது. மஞ்சளைப் பின்னணிக்கு வைத்துக்கொண்டு எழுத்துக்குக் கருநீலமோ அடர் பழுப்போ கொடுத்தால் சிக்கல் தீர்ந்தது.

‘லோகோவைப் பெருசாக்குங்க’ என்பதும் அநேகமாக அளவைப் பற்றியது இல்லை. சுற்றிலும் நான்கு போன் நம்பர், ‘ஏசி வசதி உண்டு’, சாமி படம் என்று நெருக்கியிருக்கும். இரண்டு நம்பரை எடுத்துவிட்டு அதே அளவில் காட்டுங்கள். ‘இப்பதான் சரி’ என்பார்.

மஞ்சக்குப்பம் போர்டு வேலை

அண்ணன் சொன்ன எதிர்ச்சாரி விஷயத்துக்கு ஒரு கணக்கு: எழுத்து உயரம் ஒரு இஞ்ச் என்றால் பத்தடி தூரம் வரை சிரமமில்லாமல் படிக்கலாம். முப்பதடி ரோடு என்றால் மூன்று இஞ்ச். வண்டியில் போகிறவர் படிக்கவேண்டும் என்றால் இன்னும் கூடவேண்டும். தமிழில் இந்த உயரத்தைக் ‘க’, ‘ப’ மாதிரி எழுத்தின் உடம்புக்கு அளக்கவேண்டும். மேலே போகும் வளைவையும் கீழே இறங்கும் வாலையும் சேர்த்து அளந்தால் ஏமாந்துபோவீர்கள்.

கடலூர் பக்கம் இன்னொன்று. தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் விதிகள் 1948-இன் 15-ஆம் விதிப்படி பெயர்ப்பலகையில் தமிழ்தான் முதன்மை. தமிழ், ஆங்கிலம், வேறு மொழி மூன்றும் வந்தால் 5:3:2 என்ற விகிதம். லோகோவை ஆங்கிலத்தில் மட்டும் வரைந்து முடித்துவிட்டு, போர்டு கட்டத்தில் தமிழை ஓரத்தில் ஒட்டவைப்பது வீண்வேலை. தமிழ் வடிவத்தை முதல் நாளே வரையச் சொல்லுங்கள்.

(கடற்காற்றுக்குப் போர்டுக்கு இரும்பு ஃபிரேம் வேண்டாம். இதற்கும் லோகோவுக்கும் சம்பந்தமில்லை என்று நினைக்காதீர்கள். துரு வழிந்து இறங்குவது அந்த வெள்ளைப் பின்னணி மேல்தான்.)

திருப்பாதிரிப்புலியூர் எழுத்துப் பித்தன்

கலைச்சொல் என்றதும் எல்லாரும் ஆங்கிலத்தைத் தேடிப் போகிறார்கள். எழுத்தின் உறுப்புகளுக்கு நம்மிடம் ஒன்றாம் வகுப்பிலிருந்தே பெயர் இருக்கிறது: புள்ளி, கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, சுழி. ‘அந்த எழுத்து ஒரு மாதிரியா இருக்கு’ என்பதற்குப் பதில் ‘கொம்பு அடுத்த எழுத்தை இடிக்குது, காலை ஒட்டி நெருக்குங்க’ என்று கடைக்காரரே சொல்லிவிடலாம். ஒரே திருத்தத்தில் முடியும்.

‘புதுச்சேரி’ என்று எழுதிப் பாருங்கள். ‘பு’, ‘து’ இரண்டும் கீழே இறங்குகின்றன, ‘ச்’ தலையில் புள்ளி, ‘ரி’ மேலே வளைகிறது. ஆங்கிலப் பெயருக்கு அளந்த பட்டைக்குள் இதைத் திணித்தால் எழுத்தின் உடம்பு சுருங்கி, பக்கத்திலிருக்கும் ஆங்கிலம் தானாகப் பெரிதாகத் தெரியும். கண்ணுக்குச் சமமாகத் தெரியவேண்டும் என்றால் ‘ப’வின் உயரத்தை ஆங்கிலச் சிற்றெழுத்தின் உடம்போடு ஒப்பிட்டு, தமிழுக்கு மேலும் கீழும் கூடுதல் இடம் விடவேண்டும்.

பாண்டியில் பிரெஞ்சுப் பெயர் வைப்பவர்கள் ‘கஃபே’யை ‘Café’ என்று எழுதும்போது கடைசி எழுத்து மேல் வரும் சாய்கோட்டை மறக்காதீர்கள். அதுவும் மேலே இடம் கேட்கும்.

அச்சக மேஜை

இப்போது கோப்பு. ‘லோகோ இருக்கு, வாட்ஸப்ல அனுப்புறேன்’ என்று ஒரு ஜேபெக் வரும். வாட்ஸப்பில் சாதாரணத் தரத்தில் போட்டோவாகப் போனால் நீள்பக்கம் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். பத்தடி ஃபிளெக்ஸ் என்பது 120 இஞ்ச். வகுத்தால் இஞ்ச்சுக்கு 13 பிக்சல். ஃபிளெக்ஸுக்கு 72 வேண்டும், விசிட்டிங் கார்டுக்கு 300. அதனால்தான் எழுத்து ஓரம் படிக்கட்டாக வருகிறது. அனுப்பினால் ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்புங்கள். அதைவிட, வரைந்தவரிடம் வெக்டார் கோப்பு (எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் உடையாதது) கேட்டு வாங்குங்கள்: வரைகலை மென்பொருள்களான கோரலின் சிடிஆர் அல்லது இல்லஸ்ட்ரேட்டரின் ஏஐ மூலக்கோப்பு, ஒரு பிடிஎஃப், ஒரு எஸ்விஜி. வெக்டார் இல்லை என்றாலும், பின்னணி இல்லாத பிஎன்ஜி ஒன்றும் கூடவே வாங்குங்கள். பலவண்ணம், ஒரே கறுப்பு, அடர்பின்னணிக்கான வெள்ளை என்று ஒவ்வொன்றிலும் மூன்று வடிவம்.

பெரிய தொல்லை தமிழ் எழுத்துரு. பாமினி என்ற பழைய தமிழ் ஃபாண்டில் அடித்த கோப்பை அந்த ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் கடைப்பெயர் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பையாய் நிற்கும். யூனிகோடில் அடித்ததைப் பழைய கோரலில் திறந்தால் கொம்பு தனியாகக் கழன்று எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். மருந்து ஒன்றுதான்: கொடுக்கும் முன் எழுத்தை வளைகோடாக, அதாவது ஃபாண்ட் தேவைப்படாத வெறும் வடிவமாக மாற்றிவிடுவது. கோரலில் கண்ட்ரோல் கியூ, இல்லஸ்ட்ரேட்டரில் கண்ட்ரோல் ஷிஃப்ட் ஓ. மாற்றாத பிரதி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், பிறகு எழுத்துப் பிழை திருத்த அதுதான் உதவும். கோரலில் சேமிக்கும்போது மென்பொருளின் பழைய பதிப்புக்கு ஏற்றபடி சேமியுங்கள். மூலைக் கடையில் எந்தக் காலத்துக் கோரல் இருக்கிறதோ.

நிறத்துக்குப் பெயர் சொல்லாதீர்கள், எண் சொல்லுங்கள். போன் திரையில் ஜொலிக்கும் நீலமும் கிளிப்பச்சையும் அச்சின் நான்கு மையில் (CMYK) மங்கித்தான் வரும். அச்சகத்தின் தப்பு இல்லை அது.

அரியாங்குப்பம் ஓவியர்

ஓவியர்களுக்கும் ஒன்று. நீர்வண்ணத்தில் அழகாக வரைந்து ‘இதான் லோகோ’ என்று கொடுக்காதீர்கள். நிறம் கரைந்து பரவுவதை ரப்பர் ஸ்டாம்பிலோ ஒற்றைவண்ணப் பையிலோ கொண்டுவர முடியாது. அதே வடிவத்தை ஏ4 தாளில் கறுப்பு மையில் திரும்ப வரைந்து, 600 டிபிஐயில் (இஞ்ச்சுக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து, வெக்டாராக்கி, தேவையில்லாத கணுக்களை (கோட்டின் வளைவைப் பிடித்துவைக்கும் புள்ளிகளை) கையால் நீக்கவேண்டும். தானியங்கி டிரேஸ் மட்டும் போட்டால் ஒரு வளைவுக்கு நான்கு கணு போதும் இடத்தில் நாற்பது வரும். ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரம் அங்கே தடுமாறி ஓரத்தைக் கிழிக்கும்.

கோலக்காரி, முதலியார்பேட்டை

அளவு பார்த்து வரைய உதவும் கட்டத்தை ‘கிரிட்’ என்று சொல்லிப் புரியவைக்க அரைமணி நேரம் ஆகிறதா? புள்ளி வையுங்கள். நேர்புள்ளி, ஊடுபுள்ளி இரண்டும் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஏழு நேர்புள்ளிக்குள் சின்னம் அடங்கவேண்டும், சுற்றி ஒரு புள்ளி அளவு காலியிடம் என்றால் யாரும் மறுகேள்வி கேட்க மாட்டார்கள். சிக்குக் கோலத்தைச் சின்னமாக்கும்போது கம்பியின் தடிமனும் இடைவெளியும் சமமாக இருக்கட்டும். இடைவெளி மெலிந்தால் சின்ன அளவில் மை சேர்ந்து அடைத்துக்கொள்ளும்.

கைவினைப் பக்கத்திலிருந்து

வில்லியனூர் சுடுமண்ணில் லோகோ பதிக்க ஆசைப்படுபவர்களுக்கு: களிமண் காய்ந்து வெந்து சுருங்கும். சுருக்கம் 10 சதவீதம் என்று வைத்தால், முடிவில் 30 மி.மீ. வேண்டுமானால் அச்சு 33.3 மி.மீ. மண்ணுக்கு மண் மாறும். ஆகவே முதலில் சரியாக 100 மி.மீ. கோடு கீறிய பட்டை ஒன்றைச் சுட்டு அளந்துகொள்ளுங்கள்.

கையால் செய்த காகிதம் மையைக் குடிக்கும். மயிரிழைக் கோடு பரவும், அல்லது மேடுபள்ளத்தில் அறுந்துபோகும். கோட்டைத் தடியாக்கிய தனி வடிவம் வேண்டும். சட்டையில் எம்பிராய்டரி என்றால் தமிழ் எழுத்தின் உடம்பு 8 மி.மீ.க்குக் கீழே போகாமல் பாருங்கள். முதலில் காணாமல் போவது மெய்யெழுத்துப் புள்ளி. ‘கண்ணன்’ ‘கணணன’ ஆகிவிடும்!

உரிமை விஷயம் தெரிந்தவர்

பணம் கொடுத்ததாலேயே லோகோவின் பதிப்புரிமை கடைக்கு வந்துவிடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். சம்பள ஊழியர் வேலையின் பகுதியாக வரைந்தால் கதை வேறு. வெளியே ஒருவரிடம் வரையக் கொடுத்தால், பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 19-இன்படி உரிமை மாற்றத்தை எழுத்தில் வாங்கிக் கையெழுத்துப் பெறவேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். ஒரு பக்கத் தாள் போதும்: எத்தனை வடிவம், எத்தனை திருத்தம், என்னென்ன கோப்பு, முன்பணம், உரிமை எவ்வளவு காலம், வரைந்தவர் தன் தொகுப்பில் காட்டலாமா.

வணிகச் சின்னப் பதிவுக்குப் பாண்டி, கடலூர் இரண்டுக்கும் சென்னைப் பதிவகம்தான். படிவம் டிஎம்-ஏ. இணையவழியில் தனிநபருக்கும் சிறுநிறுவனத்துக்கும் ஒரு வகுப்புக்கு (பொருள் அல்லது சேவையின் வகை எண்) 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. உணவகச் சேவை வகுப்பு 43, காபித்தூளும் பேக்கரிப் பண்டமும் 30, பண்ருட்டி வறுத்த முந்திரி 29. கறுப்பு வெள்ளையில் விண்ணப்பித்தால் எல்லா நிறத்துக்கும் பதிவானதாகக் கொள்ளப்படும். அச்சக நண்பர் கேட்கச் சொன்ன ஒரே கறுப்பு வடிவம் இங்கேயும் பயன்படும். பதிவு 10 ஆண்டுக்கு, பிறகு புதுப்பிக்கலாம்.

மருந்துக்கடைக்காரர் வெள்ளைப் பின்னணியில் செஞ்சிலுவை கேட்டால் வரையாதீர்கள். ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டம் 1960 அதைத் தடுக்கிறது. பச்சைச் சிலுவையோ உரலும் உலக்கையுமோ வரைந்து கொடுங்கள்.