பின்னாடி இடி வாங்கிட்டு "ஒண்ணும் ஆகலை, போப்பா"னு அனுப்பி வச்சவங்க இருக்கீங்களா?

கூடுவாஞ்சேரிக்காரன்

பொங்கல் லீவு முடிஞ்சு எல்லாரும் சென்னை திரும்புற ராத்திரி. பரனூர் டோலுக்கு ஒரு கிலோமீட்டர் முன்னாடி. அந்த நேரத்துல அந்த இடம் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். ஃபர்ஸ்ட் கியர்ல நகர்றது, நிக்கிறது, நகர்றது. நான் நின்னேன், பின்னாடி வந்த குட்டி யானை லோடு வண்டி நிக்கலை. டொம்முனு ஒரு சத்தம்.

இறங்கிப் பார்த்தா பம்பர் உள்ள போயிருக்கு, டிக்கி மூடலை, டெயில் லேம்ப் ரோட்ல கிடக்கு. ஓட்டிட்டு வந்த பையனுக்கு இருபத்தி ரெண்டு வயசு இருந்தா அதிகம். "அண்ணா, வண்டி என்னுது இல்லண்ணா, ஓனர் வேலையை விட்டுத் தூக்கிருவாருண்ணா"னு அழுறான். பின் சீட்ல அம்மா, 64 வயசு. ஏதாச்சும் ஆச்சாம்மானு கேட்டேன். "எனக்கு ஒண்ணும் ஆகலடா. சின்னப் பையன், பாவம், விட்டுடு"ன்னாங்க. விட்டுட்டேன். அவன் வண்டி நம்பரைக்கூட குறிச்சு வைக்கலை. என் போன்ல இருக்கிற ஆறு ஃபோட்டோவும் என் பம்பர்தான்.

மறுநாள் காலைல ஆறு மணிக்கு அம்மா ரூம்லேருந்து கூப்பிடுறாங்க. போய்ப் பார்த்தா மல்லாந்து படுத்திருக்காங்க, பின்னந்தலைக்கு அடியில ரெண்டு கையையும் கொடுத்து, பானையைத் தூக்குற மாதிரி தன் தலையைத் தானே தூக்கப் பார்க்கிறாங்க. கழுத்து வரலை. அந்தக் காட்சிதான் ஏழு வாரமா கண்ணை விட்டுப் போக மாட்டேங்குது.

எம்.ஆர்.ஐ.ல கழுத்துல சி5-சி6 எலும்புக்கு நடுவுல டிஸ்க் பிதுங்கியிருக்குன்னாங்க. வலது கை கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப் போயிருக்கு. கோலப்பொடி விரல்ல நிக்காம கொட்டிடுது.

காருக்கு பம்பர் டு பம்பர் பாலிசி. பதினோரு நாள்ல வண்டி வந்துடுச்சு, என் கையிலேருந்து ஆயிரம் ரூபாய்தான் போச்சு. அம்மாவுக்கு ஆன எதுவும் வரலை. மெடிக்ளெய்ம்ல, அட்மிட் ஆகாம வெளியில பார்த்த ஸ்கேன், கழுத்துக் காலர், பிசியோவுக்கெல்லாம் கிடையாதுன்னுட்டாங்க. உங்களுக்கு இப்படி நடந்திருந்தா சொல்லுங்க.

வைகைக்கரை

சொல்றேன். 2019. வாடிப்பட்டி தாண்டி எங்க கார் டயர் பார்க்க ஓரமா நின்னப்ப லாரி வந்து பின்னாடி மோதிடுச்சு. உள்ள உக்காந்திருந்த அப்பாவுக்கு இடுப்புல அடி. மதுரைல ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு அள்ளிட்டுப் போனோம். கேஷுவாலிட்டில டாக்டர் எப்படி அடிபட்டுச்சுனு கேட்டாரு. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள எங்க மாமா முந்திக்கிட்டு, "வீட்ல வழுக்கி விழுந்துட்டாரு சார்"னு சொல்லிட்டாரு. ஆக்சிடென்ட்னு சொன்னா போலீஸ் கேஸாகும், அட்மிஷன் போட லேட் பண்ணுவாங்கன்னு அவருக்குப் பயம். நல்ல எண்ணத்துலதான் சொன்னாரு.

டிஸ்சார்ஜ் சம்மரில முதல் வரியே அதுதான். ஒரு வாரம் கழிச்சு எஃப்.ஐ.ஆர். போட்டோம், லாரிக்காரரும் ஒத்துக்கிட்டாரு. எல்லாம் இருந்தும், விபத்து நஷ்டஈட்டுக் கேஸ் நடக்கிற ட்ரிப்யூனல்ல இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீல் எந்திரிச்சு நின்னு அந்த ஒரு வரியை மட்டும் நிதானமா ரெண்டு தடவை வாசிச்சாரு. அப்பா கூண்டுல கம்பை ஊனிக்கிட்டு நிக்கிறாரு. மாமா கடைசி பெஞ்சுல இருந்தாரு. கேஸ் தள்ளுபடி. அப்பீல் ஹைகோர்ட் கிளைல கிடக்கு. மாமா இன்னிக்கு வரைக்கும் அப்பாவோட நேரா முகம் பார்த்துப் பேசுறதில்லை.

ஈரோடு மஞ்சள்

கூடுவாஞ்சேரி ப்ரோ, வருத்தமாத்தான் இருக்கு, ஆனா தப்பு உங்க மேல. கார் வாங்கத் தெரியுது, நூறுக்குப் போன் பண்ணத் தெரியலையா? நம்பர் பிளேட் ஃபோட்டோ எடுக்க ரெண்டு செகண்ட். பின்னாடி வந்து இடிச்சவன் மேலதான் தப்புனு எல்லாருக்கும் தெரியும், எதுக்குப் பரிதாபம்? அந்தப் பையன் கைக்காசு போடப் போறதில்லையே, அடுத்தவங்களுக்கு ஆகுற சேதத்துக்குன்னு அவன் வண்டிக்கு இருக்கிற தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ்தானே கொடுக்கப் போகுது.

தொப்பூர்ப் பொண்ணு

ஈரோடு அண்ணா, எங்கப்பா முப்பது வருஷம் லாரி ஓட்டினவர். தொப்பூர் கணவாய் இறக்கத்துல ஒரு காரைப் பின்னாடி இடிச்சுட்டார். அந்தக் காருக்கும் ஆளுக்கும் இன்ஷூரன்ஸ் கொடுத்துச்சு, சரிதான். லாரி முன்பக்கம் நொறுங்கினதுக்கு ஓனர் எங்கப்பா சம்பளத்துல மாசம் மூவாயிரம்னு பதினாலு மாசம் பிடிச்சார். அந்த வருஷம் நான் பிளஸ் டூ. கேஸ் டிரைவர் பேர்ல நடந்துச்சு, கோர்ட்டுக்கு அலைஞ்சு ஃபைன் கட்டினதும் அப்பாதான். அதனால "அவனுக்கு ஒண்ணும் போகாது"னு சுலபமா சொல்லாதீங்க.

அப்பா இன்னும் சொல்றது ஒண்ணுதான். கார்ல இருந்தவர் ஒரு கையால கழுத்தைப் பிடிச்சுக்கிட்டே இறங்கி வந்து, இன்னொரு கையால தண்ணி பாட்டிலை நீட்டி, "முதல்ல குடிங்க"ன்னாராம். கேஸும் அவர்தான் கொடுத்தார். அதை அப்பா ஒருநாளும் தப்புனு சொன்னதில்லை. தண்ணியும் கொடுக்கலாம், கேஸும் கொடுக்கலாம் அண்ணா.

ஓய்வுபெற்ற சர்வேயர்

தம்பி, என் கதை சின்னது. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக வண்டிச் சேதம் மதிப்பிடுகிற வேலை. 1990களில் நான் பார்த்த ஒரு வண்டியில் பின் கதவு லேசாக ஒடுங்கியிருந்தது, அவ்வளவுதான். எஸ்டிமேட் நாலாயிரம் ரூபாய் தாண்டவில்லை. ஓட்டி வந்தவர் கழுத்தில் காலரோடு நின்றார். "சார், வண்டிக்குப் பட்ட அடியைத்தானே எழுதுகிறீர்கள்" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்தக் கேள்வி முப்பது வருடமாக என்னிடம் இருக்கிறது.

இனி உங்கள் விஷயம். உங்கள் பாலிசியும் அம்மாவின் காயமும் வேறு வேறு வழி. காருடைய சேதத்தை உங்கள் கம்பெனி கொடுத்தது. ஜீரோ டெப்ரிசியேஷன், அதாவது தேய்மானம் கழிக்காத உங்கள் பம்பர் டு பம்பர், இல்லாதிருந்தால் பம்பர் மாதிரி பிளாஸ்டிக் சாமான்களுக்குப் பாதிதான் வந்திருக்கும். அந்த ஆயிரம், 1500 சி.சி. வரையிலான கார்களுக்கு எல்லாக் கிளெய்மிலும் பிடிப்பது. உங்கள் பாலிசியில் 15 லட்சம் பெர்சனல் ஆக்சிடென்ட் என்று ஒரு வரி இருக்கும். அது வண்டி உரிமையாளருக்கு மட்டும், அதுவும் உயிரோ உறுப்போ போனாலோ நிரந்தரமாக முடங்கினாலோதான். பின் சீட்டில் இருந்த அம்மாவுக்கு அதில் இடமில்லை. அம்மாவின் காயத்துக்குப் பணம் வர வேண்டியது அந்தச் சின்ன லாரியின் தேர்ட் பார்ட்டி பாலிசியிலிருந்து. மோட்டார் வாகனச் சட்டம் 166-ஆம் பிரிவில் மனு. சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றம்தான் ட்ரிப்யூனல். நீங்கள் குடியிருக்கும் எல்லையிலும் போடலாம். 2022 ஏப்ரல் 1-க்குப் பிறகு நடந்த விபத்துகளுக்கு ஆறு மாதக் கெடு என்று சட்டத்தில் இருக்கிறது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறார்கள், அதை நம்பி உட்கார வேண்டாம். உங்களுக்கு இன்னும் நாலு மாதத்துக்கு மேல் இருக்கிறது.

நம்பர் தெரியாது என்கிறீர்கள். யோசியுங்கள். அந்த வண்டி உங்களுக்குப் பின்னாலேயே டோலுக்குத்தான் வந்திருக்கும். உங்கள் ஃபாஸ்டேக் மெசேஜில் நீங்கள் கடந்த நேரம் நிமிடத்தோடு இருக்கிறது. முன் கண்ணாடிக்குக் கீழே பெயின்ட் சிராய்த்த ஒரு குட்டி யானை அதற்கடுத்த பத்து நிமிடத்தில் போயிருக்க வேண்டும். உங்களிடம் அந்தக் கணக்கைத் தர மாட்டார்கள், போலீஸ் கேட்டால் தருவார்கள். நாளைக்கே ஸ்டேஷனுக்குப் போங்கள். எஃப்.ஐ.ஆர். போட்டால் 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையும், 90 நாளில் விரிவான அறிக்கையும் ட்ரிப்யூனலுக்கு அவர்களே அனுப்ப வேண்டும் என்று 2022 விதி இருக்கிறது. முதலில் பார்த்த டாக்டரின் சீட்டு, அதில் "கார் விபத்துக்குப் பின் கழுத்து வலி" என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதியிருந்தால் அதை லேமினேட் செய்யாமல் பத்திரமாக வையுங்கள், ஒரிஜினல் கேட்பார்கள். வைகைக்கரை சொன்னதை நான் எத்தனையோ ஃபைலில் பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். காப்பி, அதாவது விபத்துப் பதிவேட்டு நகல், போடச் சொல்ல யாரும் பயப்பட வேண்டியதில்லை.

இன்னொன்று, விபத்து நடந்து முதல் 48 மணி நேரத்துக்குத் தமிழ்நாட்டில் யாருக்கு அடிபட்டாலும் அரசு செலவில் சிகிச்சை தரும் 'நம்மைக் காக்கும் 48' 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. மறுநாள் காலை அதில் சேர்ந்த ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் கேட்டிருக்கலாம். ஸ்டேஷனில் "இத்தனை நாள் என்ன பண்ணீங்க" என்று கேட்பார்கள். வலி மறுநாள்தான் தெரிந்தது என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

சேலத்து மாம்பழம்

எங்க ஊர்ல சுளுக்கு எடுக்கிற பாட்டி இருக்காங்க. ஒரே இழுப்பு, கழுத்து நேராயிடும். எனக்கு 2016ல பைக்ல ஆனப்ப அப்படித்தான் சரியாச்சு. ஸ்கேனுக்கெல்லாம் காசைக் கொட்டாதீங்க.

பிசியோ அக்கா

மாம்பழம், தயவுசெஞ்சு இதை யாருக்கும் சொல்லாதீங்க. டிஸ்க் பிதுங்கி விரல் மரத்தவங்க கழுத்தை யாரும் இழுக்கக் கூடாது. கை கால் விளங்காமப் போயிடலாம்.

நான் தினமும் பார்க்கிறது இது. பின்னாடி இடிக்கிறப்ப உடம்பை சீட் முன்னாடி தள்ளும், தலை கண்ணிமைக்கிற நேரம் பின்தங்கும், அப்புறம் சவுக்கு மாதிரி முன்னாடி வரும். தசை கிழிஞ்சு வீங்க நேரமாகும், அதனாலதான் ஸ்பாட்ல நிறையப் பேர் நல்லா இருக்கேன்றாங்க. சத்தியமா அவங்களுக்கு அப்ப வலிக்காது. போன மாசம் வந்த ஒரு அம்மா ரெண்டு மாசம் காலரைக் கழட்டவே இல்லை. கழட்டச் சொன்னா, தலை விழுந்துடும்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. டாக்டர் சொன்ன நாளுக்கு மேல காலர் போட்டா கழுத்துத் தசை சோம்பிடும். கூடுவாஞ்சேரி அண்ணா, அம்மாவுக்கு எத்தனை நாள்னு கேட்டு எழுதி வாங்குங்க. அப்படியே கார்ல பின் சீட் ஹெட்ரெஸ்டைப் போய்ப் பாருங்க. முக்கால்வாசிப் பேர் வண்டில அது கீழே இறக்கித்தான் கிடக்கு. தலை உச்சி வரைக்கும் ஏத்தி வைக்கணும்.

ஸ்கார்பரோ மாலா

நான் கனடாவில இருந்து எழுதிறன் தம்பி. மார்க்கம் ரோட்டும் எக்ளிங்டனும் சந்திக்கிற சிவப்பு லைட்டில நிண்டனான். பின்னால வந்தவர் ஃபோன் பாத்துக்கொண்டு வந்து அடிச்சார். இஞ்ச ஒன்ராறியோவில பின்னால அடிச்ச ஆளுக்கு நூறு வீதம் பிழை எண்டு ரூல் போட்டே வைச்சிருக்கினம், அதில சண்டை இல்லை. காயத்துக்கு எங்கட இன்ஷூரன்ஸே முதல்ல குடுக்கும். ஆனா கழுத்து, முதுகு நோவெல்லாம் சின்னக் காயம் எண்ட கணக்கு. 3,500 டொலர் வரைக்கும்தான். எனக்கு நடந்த நேரம், வேலைக்குப் போக ஏலாட்டி சாதாரண பாலிசியில கிழமைக்கு ஆகக்கூட 400 டொலர்.

எனக்கு மறக்க ஏலாதது வேற. மூண்டாம் நாள் இன்ஷூரன்ஸ்காரப் பிள்ளை ஃபோன் எடுத்து, எப்பிடி இருக்கிறீங்கள் எண்டு இங்கிலீசில கேட்டுது. இருபது வருசப் பழக்கம், வாய் தன்பாட்டில "நல்லா இருக்கிறன், நன்றி" எண்டு சொல்லிப்போட்டுது. அந்த நேரம் நான் நிலத்தில துவாயைச் சுருட்டிக் கழுத்துக்குக் கீழ வைச்சுக்கொண்டு படுத்திருந்தனான். எட்டு மாதம் கழிச்சு வந்த கடிதத்தில, இன்ன திகதி தான் நல்லா இருக்கிறதாகச் சொன்னவ எண்டு எழுதியிருந்தாங்கள். நான் பாக்டரியில பெட்டி தூக்கிற வேலை. திரும்ப அந்த வேலைக்குப் போகேல்லை.

உங்கட அம்மாவும் ஃபோனில ஆர் கேட்டாலும் "ஒண்டுமில்லை" எண்டுதான் சொல்லுவா. ஃபோனை நீங்களே எடுங்கோ.

ஈரோடு மஞ்சள்

தொப்பூர்ப் பொண்ணு, நீங்க எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். சம்பளத்துல பிடிப்பாங்கன்னு நான் யோசிக்கலை. அப்படிப் பேசியிருக்கக் கூடாது. ப்ரோ, உங்ககிட்டயும்தான்.

கூடுவாஞ்சேரிக்காரன்

எல்லாருக்கும் நன்றி. சர்வேயர் ஐயா, நீங்க சொன்ன மாதிரியே ஸ்டேஷனுக்குப் போனேன். ஃபாஸ்டேக் மெசேஜ் இரவு 9:52. எஸ்.ஐ. முதல்ல சலிச்சுக்கிட்டார், அப்புறம் அம்மாவோட எம்.ஆர்.ஐ.யையும் முதல் நாள் சீட்டையும் பார்த்துட்டு புகார் வாங்கினதுக்கு ரசீதா சி.எஸ்.ஆர். போட்டுக் கொடுத்தார். அந்தச் சீட்டுல "கார் விபத்து" இருக்கு, நல்லவேளை. நாலு நாள் கழிச்சு வண்டி நம்பர் கிடைச்சுடுச்சுன்னு போன் வந்துச்சு. இன்ஷூரன்ஸ் நடப்புலதான் இருக்காம்.

அம்மாகிட்ட சொன்னேன். கம்பெனிதாம்மா கொடுக்கும், அந்தப் பையன் கையிலேருந்து இல்லன்னு. "அப்ப அவனுக்கு வேலை போகாதுல்ல?"னு கேட்டாங்க. தொப்பூர்த் தங்கச்சி எழுதினதைப் படிச்சுக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், ஓனர்கிட்ட நாம ஒரு தடவை நேர்ல போய்ப் பேசிட்டு வரலாம்னாங்க. ஞாயித்துக்கிழமை மறைமலை நகர் போறோம். ஹெட்ரெஸ்ட்டை ஏத்தி வச்சுட்டேன்.