பொர்தோவில் ஓடுவது ஆறா, சாக்கடையா?

ஊர்சுற்றி: "போர்டோவுக்கு அரைநாளே அதிகம். ஊர் நடுவே ஓடுவது சாக்கடை" என்று போன வாரம் கடுகு எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. ஐயா, பிரான்ஸின் பொர்தோ நகரில் ஓடும் அது கரோன் ஆறு. கடல் சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் கடல்மட்டம் ஏறி இறங்கும் ஓதம் ஊர்வரைக்கும் ஏறி வந்து வண்டலைக் கலக்கிவிடுகிறது. அதனால்தான் பழுப்பு. அழுக்கு வேறு, சேறு வேறு.

கடுகு: வண்டலோ கிண்டலோ, கண்ணால் பார்த்தது நான். சாக்கடை நிறம்.

லாசப்பல்காரன்: ஓதத்தை வத்துப்பெருக்கு எண்டு எங்கட ஊரில சொல்லுவம். அது கிடக்கட்டும், போர்டோ போர்த்துகலில் எல்லோ இருக்கு? கடுகு அண்ணை எந்த ஊருக்குப் போனவர்?

கடுகு: எழுத்துப்பிழை பிடிக்க வந்துவிட்டார் வாத்தியார். பாரிஸிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம். போதுமா?

ஊர்சுற்றி: ஆறு பிறைபோல் வளைவதால் அந்த ஊருக்கே நிலாத் துறைமுகம் என்று பெயர். 2007இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். 17 வளைவுகளோடு நிற்கும் கல்பாலம் 1822இலிருந்து அந்த "சாக்கடை" மேல்தான் நிற்கிறது. பூர்ஸ் சதுக்கத்துக்கு எதிரே நீர்க்கண்ணாடி பார்த்தீரா? கல்தளத்தில் 2 சென்டிமீட்டர் தண்ணீர், அவ்வளவுதான். எதிர்க் கட்டடம் முழுசும் அதில் தலைகீழாகக் கிடக்கும். தண்ணீர் வடிந்ததும் தரையிலிருந்து புகைபோல் நீர்த்துளி கிளம்பும். பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். நான் ஒன்றரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

கடுகு: நான் போனபோது வெறும் கல்தான் இருந்தது.

ஊர்சுற்றி: ஜனவரியில் போனால்? குளிர்காலத்தில் நிறுத்திவிடுவார்கள். போகுமுன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கடுகு: உங்களிடம் கேட்டுத்தானே ரயில் பாஸ் வாங்கினேன்? அதிவேக ரயிலுக்கு இருக்கைக் கட்டணம் தனி என்று சொன்னீர்களா? நான்கு பேருக்கு அழுதேன்.

ஊர்சுற்றி: சொன்னேன். நீர் படிக்கவில்லை.

திராட்சைத்தோட்டம்: வைன் ஊரைப் பற்றிப் பேசுகிறீர்கள், வைனைக் காணோமே? பக்கத்து வைன் ஊரான செந்தெமிலியோன் போகாதவர்கள் பொர்தோ போனதாகவே சொல்லக்கூடாது.

ஊர்சுற்றி: அது தனி ஊர். பொர்தோ வைன்களுக்கு 1855இல் போட்ட தரவரிசையிலேயே அதற்கு இடமில்லை.

திராட்சைத்தோட்டம்: ஓகோ, 1855தான் வேதமா? அந்தப் பட்டியலில் மெதோக் வட்டாரத்துக்கு வெளியே ஒரே ஒரு சிவப்பு வைன், ஓ-பிரியோன் தோட்டத்துடையது. அப்படியானால் மிச்சம் எல்லாம் தண்ணீரா?

கடுகு: தண்ணீர் என்றதும் ஞாபகம் வருகிறது. 2016இல் திறந்த வைன் அருங்காட்சியகத்துக்கும் போனேன். டிக்கெட்டோடு ஒரு கிளாஸ் வைன், எட்டாவது மாடியில். கிளாஸைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தால் என்ன தெரிந்தது? சாக்கடை!

லாசப்பல்காரன்: வைன் எப்பிடி இருந்தது அண்ணை?

கடுகு: நன்றாகத்தான் இருந்தது. பேச்சை மாற்றாதீர்கள்.

ஊர்சுற்றி: மாலை வெயிலில் கல்பாலத்திலிருந்து எடுத்த 6 படங்கள் போட்டிருக்கிறேன். தண்ணீர் பொன்னாக மின்னுகிறது. கண் இருப்பவர்கள் பார்க்கட்டும்.

கடுகு: பார்த்தேன். 6 படத்திலும் பழுப்புதான்.