டி.எச்.யூ இறங்குகிறது, ஆல்டர் (பிரித்துத் திருத்தத் திரும்பும் பீஸ்) மூட்டை இறங்கவில்லை. எந்தக் கணக்கைப் பார்ப்பது?

கியூசி_திருப்பூர்:
வணக்கம். திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் கியூசி (தரச் சோதனை) பொறுப்பில் இருக்கிறேன். நான்கு தையல் லைன். ஆறு மாதமாக ஆளுக்கொரு எண் வைத்து ஓட்டுகிறோம். கட்டிங்குக்குத் துணி வீணாகும் சதவீதம், தையலுக்கு மணிக்கு எத்தனை பீஸ், லைன் சூப்பர்வைசருக்கு டி.எச்.யூ, அதாவது நூறு பீஸுக்கு எத்தனை குறை. டி.எச்.யூ குறைந்தால் சூப்பர்வைசருக்கு மாத போனஸ். லைன்களின் தரவரிசையை போர்டிலும் எழுதிப் போடுகிறோம்.

போர்டில் எல்லாம் பிரமாதம். போன மாதம் 3,000 டீ-ஷர்ட் ஆர்டரைப் பார்க்க பையரின் (வாங்கும் கம்பெனியின்) ஆள் வந்தார். ஏ.க்யூ.எல் (ஏற்கத்தக்க குறை அளவு) 2.5 கணக்கில், மாதிரிக்கு 125 பீஸ் எடுத்தார். பெரிய குறை 7 வரை பாஸ். 9 வந்தது. அதில் ஆறு, கழுத்து ரிப் (கழுத்துப் பட்டித் துணி) அலை அலையாக நின்றது. அந்த லைனின் அந்த வார டி.எச்.யூ வெறும் 4!

மறுநாள் செக்கிங் டேபிள் பக்கத்திலேயே நின்றேன். செக்கர் ஒரு பீஸில் அம்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் பேனாவை எடுக்கிறார். அதற்குள் சூப்பர்வைசர், "எழுதாதீங்க அக்கா, இப்பவே பிரிச்சு தச்சுத் தர்றேன்" என்று பீஸை வாங்கிக்கொண்டு போய்விட்டார். பத்து நிமிடத்தில் பீஸ் திரும்பி வந்தது. சீட்டில் ஒன்றும் இல்லை.

இந்த எண்களை என்ன செய்வது? வேறு எதை வைப்பது?

லைன்_2010:
அந்த சூப்பர்வைசர் மேல் கோபப்படாதீங்க. நானும் அதைச் செய்தவன்தான். எழுதினால் காசு போகும் என்றால் எவன் எழுத விடுவான்? எங்கள் யூனிட்டில் போனஸை டி.எச்.யூவிலிருந்து பிரித்தார்கள். முதல் வாரமே எண் இரண்டு மடங்கு ஏறிவிட்டது. முதலாளி பதறிப்போனார். குறை ஏறவில்லை, எழுதுவதுதான் ஏறியது என்று புரியவைக்க ஒரு மாதம் ஆயிற்று. அந்த ஒரு மாதம் உங்கள் முதலாளி பொறுப்பாரா என்று முதலில் பாருங்கள்.

கோவை_டெஸ்டர்:
நான் சாஃப்ட்வேர் ஆள். இங்கேயும் இதே கதை. டெஸ்டருக்கு பக் (சாஃப்ட்வேர் பிழை) எண்ணிக்கை இலக்கு, டெவலப்பருக்கு பக் வரக்கூடாது என்று இலக்கு. தினமும் "இது பக்கே இல்லை" என்று சண்டை. சார்லஸ் குட்ஹார்ட் என்ற பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் 1975-லேயே பணக்கொள்கையை வைத்து இதைச் சொல்லிவிட்டார்: ஓர் எண்ணைப் பிடித்து ஆட்டிவைக்க ஆரம்பித்தால், அதுவரை அது காட்டிய உண்மை கலைந்துபோகும்.

ஐ.இ_அனுபவம்:
குட்ஹார்ட் இருக்கட்டும், கழுத்து ரிப்புக்கு வருவோம். ரிப் ரோலைப் பிரித்து ரிலாக்ஸ் விட்டார்களா, அதாவது இழுவை தளர வெட்டுவதற்கு முன் சும்மா போட்டு வைத்தார்களா? அவசரத்தில் ரோலிலிருந்து எடுத்த கையோடு வெட்டினால், வெட்டிய பிறகு சுருங்கும். தையல்காரர் அதை இழுத்துப் பிடித்துத்தான் தைக்க வேண்டும், அலை வராமல் என்ன செய்யும்? குறை பிறந்தது கட்டிங்கில், எழுதப்பட்டது தையல் கணக்கில். கட்டிங்கின் எண்ணோ துணி மிச்சத்தை மட்டும் பார்க்கிறது. ஆகவே சீட்டில் ஒரு கட்டம் கூடுதலாகப் போடுங்கள்: குறை பிறந்த இடம்.

இன்னொன்று. டி.எச்.யூவில் ஒரே பீஸில் மூன்று குறை இருந்தால் மூன்று. எத்தனை பீஸ் திரும்பிப் போகிறது என்பது அதில் தெரியாது. அதற்குப் பதிலாக, ஒரு ஆல்டர் கூட இல்லாமல் பெட்டி வரை போன பீஸ் நூற்றுக்கு எத்தனை என்று எண்ணுங்கள். கட்டிங், தையல், அயர்ன், பேக்கிங் நான்கும் தனித்தனியே 95 சதவீதம் சுத்தம் என்றாலும், சேர்த்துப் பெருக்கினால் 81 தான். இந்த ஒரு எண் நான்கு பேருக்கும் பொது. கூடவே வெட்டியது எத்தனை, ஏற்றியது எத்தனை என்ற கணக்கு. 3,090 வெட்டி 3,000 அனுப்பினால் 97. மிச்சம் 90 பீஸ் எங்கே என்று நான்கு பேரும் சேர்ந்துதான் தேட வேண்டும்.

கியூசி_திருப்பூர்:
நன்றிங்க. ரிப் விஷயம் அப்படியே சரி. கட்டிங் மாஸ்டரைக் கேட்டேன். "ஷிப்மெண்ட் தேதி நெருக்கடி, ரிலாக்ஸ் விட எங்கே இடம்?" என்றார். இடம் இல்லை என்பதும் உண்மைதான், ரேக் இரண்டுக்குச் சொல்லியாயிற்று.

போனஸைப் பிரிக்க முதலாளி சம்மதித்துவிட்டார், ஆனால் போர்டு வேண்டுமாம். கடைசியில் லைன் வாரியாக வேண்டாம், மொத்த யூனிட்டுக்கும் ஒரே எண் என்று பேசி முடித்தேன். அதற்கு முதலில் முகம் சுளித்தது லைன் 2 சூப்பர்வைசர். நான்கு மாதமாக போர்டில் முதலிடம் அவருக்குத்தான்.