சங்கத்தின் மருத்துவ நிதி: ஆய்வு நடத்தும் மருத்துவருக்கா, நோயாளியின் பயணச் செலவுக்கா?

டர்பன்வாசி:
நம் சங்கத்தின் இவ்வாண்டு மருத்துவ நிதியை, இரத்தப் புற்றுநோய்க்கான மருந்துச் சோதனைகளைத் தாமே வகுத்து நடத்தும் ஓர் அரசு மருத்துவமனை மருத்துவருக்கு அளிக்கலாம் என்று முன்மொழிந்துள்ளேன். வாரத்தில் ஒரு நாளாவது வார்டுப் பொறுப்பிலிருந்து அவர் விடுபட்டு ஆய்வில் ஈடுபட, அந்நாளுக்கு மாற்று மருத்துவரை அமர்த்தும் செலவை நாம் ஏற்போம்.

சாட்ஸ்வொர்த் செவிலி:
ஐயா, உங்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் இத்திட்டத்தை எதிர்க்கிறேன். கீமோ எனும் புற்றுநோய் மருந்தேற்றத்துக்குப் பின் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால், உடனடியாக ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டாக வேண்டும். நள்ளிரவில் வண்டிக்குப் பணமின்றி விடியும்வரை காத்திருந்து, நினைவு தப்பிய நிலையில் வந்து சேர்ந்தவர்களை நான் கட்டிலில் ஏற்றியிருக்கிறேன். மருந்துச் சோதனைகளுக்குத்தான் மருந்து நிறுவனங்கள் பணம் தருகின்றனவே!

டர்பன்வாசி:
அம்மா, தம் மருந்து விற்பனையாக உதவும் கேள்விக்கே அவை பெரும்பாலும் பணம் தருகின்றன. நாள்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய்க்கான இமாடினிப் 2001இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது; அதை ஆயுள் முழுவதும் விழுங்க வேண்டுமென்றே அப்போது கருதினர். அதை நிறுத்திப் பார்க்கலாமா என்று சோதித்தவர்கள் பிரான்சின் மருத்துவர்கள். இரண்டாண்டுகளுக்கு மேல் நோயின் தடயமே காணப்படாத 100 பேரிடம் மாத்திரையை நிறுத்தினார்கள். ஓராண்டுக்குப் பின்னும் ஏறத்தாழ 40 விழுக்காட்டினரிடம் நோய் திரும்பவில்லை என்று 2010இல் வெளியிட்டார்கள். திரும்பியவர்களுக்கு அதே மாத்திரை மீண்டும் பலனளித்தது. மருந்து விற்பனையைக் குறைக்கும் இக்கேள்வியை எந்த வியாபாரி முன்வந்து கேட்பான்?

தென்னாப்பிரிக்காவில் நாம் வாழும் குவாசூலு-நட்டால் மாகாணத்துக்கே உரிய கேள்விகளும் உண்டு. இங்கே எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்கள் மிகுதி. வெளிநாட்டுச் சோதனைகள் பலவும் நெடுங்காலமாக அவர்களைச் சேர்த்துக்கொள்ளாமலே நடந்தன. எச்.ஐ.வி. மருந்தான ரிட்டோனவிர் உட்கொள்பவருக்கு வின்கிரிஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்தை ஏற்றினால், கல்லீரல் அதைச் சிதைக்கும் வேகம் குறைந்து, கை கால் மரத்துப்போகும் நரம்புப் பாதிப்பு கூடும். இத்தகையவர்களுக்கு எந்த மருந்துகளை எப்படிச் சேர்த்துக் கொடுப்பது என்பதை அன்றாடம் பார்க்கும் நம் மருத்துவர் ஆராயாமல் வேறு யார் ஆராய்வது?

பீட்டர்மாரிட்ஸ்பர்க் கணக்காளர்:
கேள்வி நல்லது. ஆனால் கோயில் திருவிழாவில் உண்டியலில் போட்டவர்கள் நோயாளிக்கென்று போட்டார்கள். அந்த மருத்துவர் ஆய்வின் நடுவே வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டால் நாம் என்ன கணக்குக் காட்டுவது? பணம் அவர் பெயரில் அல்லாமல் துறையின் பெயரில் இருக்க வேண்டும். சோதனையின் முடிவு எதுவாயினும் வெளியிடப்படும் என்று எழுத்தில் உறுதி வேண்டும்.

டர்பன்வாசி:
இரண்டையும் ஏற்கிறேன். ஆய்வில் சேரும் நோயாளிகளின் பயணச் செலவையும் இதே நிதியிலிருந்து தரலாம்.

சாட்ஸ்வொர்த் செவிலி:
ஆய்வில் சேராதவர்களுக்கும் காய்ச்சல் வருகிறதே, ஐயா! மேலும், மருத்துவர் ஆய்வுக்குப் போகும் நாளில் இரத்த மாதிரி எடுப்பதும், ஒப்புதல் படிவத்தை இசிசூலு மொழியில் பொறுமையாக விளக்குவதும், ஒவ்வொரு பக்கவிளைவையும் பதிவதும் எங்கள் தலையில்தான் விழும். ஆய்வுச் செவிலி ஒருவருக்கும், எல்லா நோயாளிகளின் அவசர வண்டிக்கும் முதலில் பணம் ஒதுக்குங்கள். மீதி இருந்தால் மருத்துவரின் அந்த ஒரு நாளுக்கு நானே கை தூக்குகிறேன். இப்போதுள்ள வடிவில் என் வாக்கு எதிராகவே இருக்கும்.