பழைய பனங்கையில் வில் செய்யலாமா? அலங்காரம் எதுவரை தாங்கும்?

பெரியபட்டினத்து அத்தை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அண்ணன் மகள் பள்ளியில் வில்வித்தை பழகுகிறாள். இந்தியன் ரவுண்ட் என்கிற மூங்கில் வில் பிரிவு, இலக்குத் தூரம் 30 மீட்டரும் 50 மீட்டரும். போட்டிக்குப் பள்ளியின் மூங்கில் வில் இருக்கிறது. வீட்டில் பழக அவளுக்கென்று ஒன்றை நானே செய்து கொடுக்க ஆசை. தாத்தா காலத்து ஓட்டு வீட்டைப் பிரித்தபோது அடுப்படிக்கு மேலே கூரையைத் தாங்கிய பனங்கைகளை, அதாவது பனஞ்சட்டங்களை, விறகுக்குப் போகவிடாமல் எடுத்து வைத்தேன். புகை ஏறிக் கன்னங்கரேலென்று இருக்கின்றன. தட்டினால் கணீரென்று சத்தம் வருகிறது.

இதில் வில் வளையுமா, ஒடியுமா? எந்தப் பக்கம் முன்னால் வரவேண்டும்? செய்து முடித்தபின் வில்லின் பிடிக்கு மேலும் கீழும் உள்ள இரு கைகளிலும் மீன் உருவம் செதுக்கி, கீழக்கரையில் வாங்கிய சங்குத் துண்டுகளைப் பதிக்க வேண்டும் என்பது அவள் விருப்பம். அழகாக வந்தால்தான் அவள் ஆசையாக எடுத்துப் பழகுவாள் என்பதால் அலங்காரம் எனக்கு முக்கியம். இழைப்பு வேலை கொஞ்சம் தெரியும். கடல் காற்றுக்கு என்ன பூசுவது என்றும் சொல்லுங்கள்.

மண்டபம் வள்ளத்துத் தச்சர் எழுதியது:

தங்கச்சி, விறகாகப் போகவிடாமல் எடுத்து வைத்தாயே, அதுவே பெரிய காரியம். இப்போது பச்சைப் பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும். 2021-இல் அந்த அறிவிப்பு வந்தது, அது சரியானதும்கூட. பழைய வீட்டுக் கைதான் நமக்குக் கிடைக்கிற நல்ல பனை. ஆண்டுக்கணக்கில் நிழலில் காய்ந்த மரம் அது, புதிதாக வாங்கினால் அப்படிக் கிடைக்காது.

பனையில் வில் வளையும். ஆனால் அதை மற்ற மரம் மாதிரி நினைக்காதே. தேக்கிலும் வேம்பிலும் மரத்தின் நடுவில் வைரம் இருக்கும். பனைக்கு வெளிப்புறம்தான் பலம். கறுப்பு நார் அங்கே நெருக்கமாக ஓடும், உள்ளே போகப் போகச் சோறு, அதாவது மெத்தென்ற பாகம். கையின் குறுக்கு வெட்டைப் பார். கறுத்த பாகம் ஒரு அங்குலமாவது இருந்தால் எடு, இல்லாவிட்டால் வேறு கையைப் பார். நான் மரத்தின் வெளிப்புறத்தை வில்லின் முதுகாக, அதாவது இலக்கைப் பார்க்கிற பக்கமாக வைப்பேன். வளைக்கும்போது இழுபடுவது முதுகு, நசுங்குவது நம்மைப் பார்க்கிற வயிறு. முதுகில் ஒரு நார்கூட அறுபடாமல் நுனியிலிருந்து நுனிவரை ஓட வேண்டும். அதனால் ரம்பம் போடாமல் ஆப்பு வைத்துப் பிள. நார் எங்கே வளைகிறதோ வில்லும் அங்கே வளையட்டும், அது குறையே இல்லை.

ஆணி ஓட்டையைத் தேடிப் பார். ஓட்டுச் சட்டம் அடித்த இடத்தில் துருக்கறை தெரியும். வளைகிற பாகத்தில் ஒரே ஒரு ஓட்டை இருந்தாலும் அந்தக் கையை ஒதுக்கிவிடு. பூச்சி அரித்த மாவு கொட்டினாலும் அப்படியே.

பிள்ளை 26 அங்குலம் இழுக்கிறாள் என்றால் வில்லின் நீளம் ஐந்தரை அடி போதும். பிடிக்காக வில்லின் நடுவில் 4 அங்குலம் விறைப்பாக விடு. அங்கிருந்து இரு கைகளும் நுனியை நோக்கி அகலத்திலும் கனத்திலும் ஒடுங்கிக்கொண்டே போகட்டும். ஓரங்களை உருட்டிவிடு, கூர்முனை இருந்தால் அங்கேதான் சிலாம்பு கிளம்பும்.

அப்புறம் முக்கியமான வேலை வளைவைச் சமன் செய்வது. சுவரில் ஒரு முளை அடித்துப் பிடியை அதில் வை. தளர்ந்த கயிறு கட்டி, கீழே இருந்து கொஞ்சமாக இழுத்துவிட்டுத் தள்ளி நின்று பார். எங்கே விறைப்பாக நிற்கிறதோ அங்கே பென்சில் கோடு போட்டு, வயிற்றுப் பக்கத்தில் மட்டும் சீவு. முதுகைத் தொடவே கூடாது. கனம் என்பது சின்ன விஷயம் இல்லை: 12 மில்லிமீட்டர் இருந்த இடத்தை 11 ஆக்கினால் அந்த இடத்தின் விறைப்பில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு போய்விடும். அகலத்தைக் குறைத்தால் இவ்வளவு வேகமாகப் போகாது. ஆகவே இழைப்புளியை வைத்துவிட்டு அரத்தையும் கண்ணாடிச் சில்லையும் எடு. ஒவ்வொரு தடவை சீவிய பிறகும் மெதுவாக இருபது முப்பது முறை இழுத்து மரத்தைப் பழக்கு. இரு கைகளும் ஒன்றுபோல வளையாதவரை மேற்கொண்டு இழுக்காதே. மீன் நிறுக்கிற கொக்கித் தராசைக் கயிற்றில் மாட்டினால் எத்தனை கிலோ இழுக்கிறது என்று தெரிந்துவிடும். பழகுகிற பிள்ளைக்கு முழு இழுப்பில் 10 கிலோ தாராளம்.

தொண்டி வலைக்கூடம் எழுதியது:

நாணைப் பற்றி யாரும் சொல்லவில்லை. வலை நைலானை எடுக்காதீர்கள் அக்கா. நைலான் நீளும், ஈரத்தில் இன்னும் நீளும், அம்புக்குப் போக வேண்டிய விசை கயிற்றிலேயே போய்விடும். பாலியெஸ்டர் நூலை இழைகளாகச் சேர்த்து முறுக்குங்கள். தூண்டிலுக்கு விற்கிற நீளாத பிரெய்டு நூலும் வேண்டாம். அது மெல்லியது, நாண் மாட்ட மரநுனியில் வெட்டிய காதை அறுக்கும், அதிர்ச்சியையும் அப்படியே மரத்துக்குக் கொடுக்கும். நாண் அறுபடுகிற பலம் வில்லின் இழுவையைப் போல நான்கு மடங்காவது இருக்கட்டும். தேன்மெழுகு தேய்த்து, அம்பு உட்காருகிற நடு இடத்தில் தனி நூல் சுற்றிவிடுங்கள்.

அந்தக் காலத்தில் மருள் நாரில்தான் நாண் முறுக்கினார்கள். இன்றும் வேலியோரத்தில் மருள் நிற்கிறது. பிள்ளைக்கு ஒரு முழம் முறுக்கிக் காட்டுங்கள், ஆனால் வில்லில் மாட்டப் பாலியெஸ்டரே இருக்கட்டும். அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடக் கூடாது என்று முதல் நாளே சொல்லி வையுங்கள். அம்பு கொண்டுபோக வேண்டிய விசை முழுவதும் மரத்தில் இறங்கி வில் வெடித்துவிடும்.

பெரியபட்டினத்து அத்தை எழுதியது:

அண்ணனுக்கும் தம்பிக்கும் நன்றி. ஒரு கை தேறிவிட்டது, கறுத்த பாகம் ஒன்றேகால் அங்குலம். ஆணி ஓட்டை இரு முனையிலும்தான், அறுத்துவிட்டால் ஆறடி சுத்தமாக மிஞ்சுகிறது. செதுக்கலும் சங்கும் என்ன ஆயிற்று?

மண்டபம் வள்ளத்துத் தச்சர் எழுதியது:

மறக்கவில்லை தங்கச்சி. வில்லில் வளைகிற இடம், வளையாத இடம் என்று இரண்டு உண்டு. வளைகிற இடத்தில் செதுக்கினால் நார் அறுபடும். சூட்டுக்கோலால் கோலம் போட்டாலும் அதே கதி. சங்கு கல் மாதிரி, மரம் வளையும்போது அது வளையாது, தெறித்துவிடும் அல்லது அதன் ஓரத்திலிருந்து மரம் பிளக்கும். அரக்கும் கனமான எனாமலும் நாளடைவில் வெடிக்கும். நுனியில் எதையும் ஒட்டாதே. அங்கே ஏறுகிற ஒவ்வொரு கிராமும் அம்பின் வேகத்தைத் தின்னும்.

அதற்காக மீனை விட வேண்டாம். பனை முதுகில் சிலாம்பு கிளம்பும் என்பதால் எப்படியும் மேலே ஒரு துணி ஒட்டத்தான் வேண்டும். பழைய வேட்டித் துணியை ஒற்றை மடிப்பாக, தண்ணீர் தாங்குகிற மரப்பசையில் முதுகு முழுக்க ஒட்டு. அதுதான் உன் ஓவியச் சீலை. அக்ரிலிக் வண்ணம் வளைவுக்கு ஈடுகொடுக்கும், மெல்லியதாகப் பூசி நெத்திலிக் கூட்டமே வரையலாம். சங்கு பிடியில் மட்டும், முதுகுப் பக்கம் இல்லாமல் பக்கவாட்டில், அதுவும் பிடி கனமாக இருந்தால். கரையில் ஒதுங்குகிற பவளத் துண்டைப் பிள்ளை எடுத்து வந்தால் ஒட்ட வேண்டாம். மன்னார் வளைகுடாவில் பவளத்துக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது.

பூச்சுக்குத் தேங்காய் எண்ணெய் கூடாது, அது காயவே காயாது. ஆளி விதை எண்ணெய் காற்றில் காய்ந்து தோலாகும். மரம் தெரிகிற வயிற்றிலும் ஓரத்திலும் மெல்லியதாகத் தேய், ஒரு பூச்சு நன்றாகக் காய்ந்தபின் அடுத்தது. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதே, தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவை.

சாயல்குடி ஓலைக்காரி எழுதியது:

பிடிக்கு ஓலை சுற்றுங்கள் தங்கச்சி. குருத்தோலையை வெயிலில் வெளுக்க வைத்து, ஈர்க்கு நீக்கி, கால் அங்குலப் பட்டையாகக் கிழித்துச் சாயத்தில் கொதிக்க விடுங்கள். சிவப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றிப் பின்னினால் பாய் முடைந்த அழகு வரும். வியர்வையில் வழுக்காது. ஓலையை ஈரமாக இருக்கும்போதே இறுக்கிச் சுற்றுங்கள், பட்டைகள் காய்ந்து சுருங்கும்போது இன்னும் இறுகும்.

மண்டபம் வள்ளத்துத் தச்சர் எழுதியது:

நல்ல யோசனை. கடைசியாக ஒன்று: நம் கரையில் உப்புத்தான் எதிரி. காற்றில் வந்து படிகிற உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், ஈரம் ஏறிய வில் சோர்ந்துபோய் வளைந்தபடியே நிற்கும். பழகி முடித்ததும் ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி, நாணைக் கழற்றி உள்சுவரில் இரண்டு முளைகளின் மேல் படுக்க வை. ஐப்பசி கார்த்திகையில் வில் கொஞ்சம் தளர்ந்தாற்போல் இழுக்கும். அதற்காக வெயிலில் போடாதே, மழை விட்டால் தானே தேறும்.

சமன் செய்யும்போது 10 அங்குல இழுப்பில் ஒன்றும் 15 அங்குல இழுப்பில் ஒன்றுமாக நேர் பக்கவாட்டில் படம் எடுத்து இங்கே போடு. எங்கே சீவ வேண்டும் என்று கோடு போட்டு அனுப்புகிறேன்.