நேபாளப் படங்களில் இடித்த 15 நிமிடம்

காவிரிக்கரை:
நேபாள மலைக்கோயிலான முக்திநாத் போய்வந்த எங்கள் குழுவில் படங்களை ஒன்றுசேர்த்து வரிசைப்படுத்தும் வேலை என் தலையில் விழுந்தது. நாலைந்து போன், என்னுடைய டிஎஸ்எல்ஆர், மைத்துனரின் ஆக்‌ஷன் கேமரா. பெயர்ப்படி அடுக்கிப் பிரயோஜனம் இல்லை. கேமரா 9999 வரை எண்ணிவிட்டு மறுபடி 1-லிருந்து ஆரம்பிக்கும். ஒரு போன் தேதியையே பெயராக வைக்கும், இன்னொன்று வெறும் எண் போடும். அதனால் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொட்டி, படம் எடுத்த நேரப்படி அடுக்கினேன். காத்மாண்டு, போக்ரா, ஜோம்சோம் எல்லாம் அதனதன் இடத்தில் வந்தன.

கோயில் படங்களுக்கு வந்தபோதுதான் இடித்தது. திருமங்கையாழ்வார் பாடிய திருச்சாளக்கிராமமாகக் கருதப்படுவதால் நம் பக்கத்திலிருந்து நிறையப் பேர் போகிற தலம் அது. போனவர்களுக்கு அங்குள்ள முறை தெரியும். முதலில் 108 நீர்த்தாரைகளுக்கு அடியில் ஓட்டம், பிறகு சன்னதிக்கு முன்னால் இருக்கும் இரண்டு குண்டங்களில் (சிறு குளங்களில்) முழுக்கு, அப்புறம் உடை மாற்றிக்கொண்டு தரிசனம். 3,700 மீட்டருக்கு மேல், ஐஸ் போன்ற தண்ணீர். ஒரு தடவை நனைந்தவர் மறுபடி அந்தப் பக்கம் போக மாட்டார். ஆனால் என் வரிசையில் பெரியப்பா நனைகிறார், வேட்டி மாற்றுகிறார், திரும்பவும் தாரைக்கு அடியில் நிற்கிறார், மறுபடி காய்ந்த வேட்டியில் பிரசாதம் வாங்குகிறார்.

நேபாள நேரம் 1986 முதல் யூடிசிக்கு (உலகப் பொது நேரத்துக்கு) 5 மணி 45 நிமிடம் முன்னால் ஓடுகிறது. நமக்கு 5:30. போன் நெட்வொர்க்கைப் பார்த்துத் தானே மாறிக்கொண்டது, கேமரா இந்திய நேரத்திலேயே இருந்தது. ஜப்பான் மாதிரி மூன்றரை மணி வித்தியாசம் என்றால் மதியச் சாப்பாடு காலை டிபனுக்கு முன்னால் வந்து நின்று உடனே காட்டிக்கொடுத்துவிடும். இந்த 15 நிமிடம் அப்படியில்லை. ஊர், நாள், வெளிச்சம் எல்லாம் பொருந்தியிருக்கும், உள்ளே மட்டும் சீட்டுக்கட்டுபோலக் கலைந்து கிடக்கும்.

இதில் இன்னொரு வேடிக்கை. போன்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. அங்கே சிம் வாங்கியவர்களின் போன் நேபாள நேரத்துக்கு மாறியிருந்தது. செலவுக்குப் பயந்து நாள் முழுக்க ஏரோப்ளேன் மோடில் வைத்திருந்த சித்தியின் போன் ஊர் நேரத்திலேயே நின்றது.

படம் படமாகத் திருத்த உட்கார்ந்தால் விடியாது. எல்லாக் கருவியிலும் பதிவான ஒரே நொடியைத் தேட வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது கோயில் வாசலில் எடுத்த குரூப் போட்டோ. சிம் போட்ட போனில் 9:42, என் கேமராவில் 9:24. வித்தியாசம் 18 நிமிடம். 15 நாட்டுக் கணக்கு, மிச்சம் 3 நிமிடம் என் கேமரா கடிகாரம் தானாகவே பின்தங்கியது. உலக நேர அட்டவணையை நம்பி 15 மட்டும் கூட்டியிருந்தால் குண்டத்துப் படங்கள் அப்போதும் கொஞ்சம் முன்பின்னாகத்தான் இருந்திருக்கும். அப்புறம் டிஜிகேம் என்ற படத் தொகுப்பு மென்பொருளில் அந்தக் கேமராவின் படங்களை மட்டும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து 18 நிமிடம் முன்னே தள்ளினேன். லைட்ரூம் கிளாசிக்கிலும் இதே வசதி உண்டு. ஆனால் முதலில் எல்லாவற்றையும் ஒரு ஹார்டு டிஸ்கில் நகல் எடுத்துவிட்டுத்தான் கை வைத்தேன்.

ஆக்‌ஷன் கேமரா பேட்டரி இல்லாமல் பல மாதம் கிடந்தது. தேதியே ஏதோ ஒரு பழைய ஜனவரி 1. அதற்கும் அதே வைத்தியம்தான், என்ன, தள்ள வேண்டியது வருடக்கணக்கில்.

ஊர்சுற்றி:
அண்ணா, உங்களுக்காவது ஒரிஜினல் கையில் இருந்தது. எங்கள் வால்பாறை டூரில் பாதிப் படங்கள் வாட்ஸ்அப் குரூப் வழியாக வந்தவை. சாதாரணமாகப் போட்டோவாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கும்போதே எடுத்த நேரத்தையும் உதிர்த்துவிடுகிறது. ஆண்ட்ராய்டில் கோப்புப் பெயரில் ஒரு தேதியும் டபிள்யூஏ என்று ஒரு எண்ணும் இருக்கும். அது படம் நமக்கு வந்த கணக்கு, எடுத்த கணக்கு இல்லை. ஊர் திரும்பி ஒரு வாரம் கழித்து மச்சான் ஒரே மூச்சில் அனுப்பியதால், ஆழியாறு அணையும் சோலையாறு அணையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை ராத்திரியில் உட்கார்ந்திருக்கின்றன. கெஞ்சிக் கூத்தாடி அதே படங்களை டாக்குமென்ட்டாக அனுப்பச் சொன்னேன். அப்படி வந்ததில் நேரம் பத்திரமாக இருந்தது. போனிலிருந்து அழித்துவிட்டவர்களுடைய படங்களுக்கு வழியில்லை. கொண்டை ஊசி வளைவு எண் பலகையைப் பார்த்துப் பார்த்து நானே நேரம் போட்டேன்.

பழைய லென்ஸ்:
கன்னியாகுமரி சூரிய உதயம் நள்ளிரவு 12:40-க்கு என்று எனக்கு வந்தது! மென்பொருள் கோப்புப் பெயரில் உள்ள நேரத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது, அந்தப் போனோ பெயரில் யூடிசி நேரத்தைப் போடுகிற ரகம். ஐந்தரை மணி கூட்டினால் 6:10, சரியாக வந்துவிட்டது. படத்துக்குள் இருக்கும் எக்ஸிஃப் நேரம் (எடுக்கும்போதே கோப்புக்குள் பதிவாகும் குறிப்பு) ஆரம்பத்திலிருந்தே சரிதான். வீடியோவிலும் இந்தச் சிக்கல் உண்டு: போன்கள் பெரும்பாலும் யூடிசியில் எழுதும், பல கேமராக்கள் உள்ளூர் நேரத்தை அப்படியே எழுதிவிடும். அதனால் நான் வீடியோக்களைத் தனி ஃபோல்டரில் வைத்துச் சரிசெய்த பிறகுதான் படங்களோடு கலக்கிறேன்.

இன்னொன்று. இப்போதெல்லாம் கிளம்புகிற அன்று, நொடியோடு நேரம் காட்டும் போன் திரையை எல்லாக் கேமராவாலும் ஒரு கிளிக். குரூப் போட்டோவைத் தேட வேண்டாம்.

காவிரிக்கரை:
அது நல்ல யோசனை. நேர மண்டலம் தாண்டினால் அங்கேயும் ஒரு கிளிக் எடுத்துக்கொள்ளலாம், போன் மாறிவிட்டதா என்பதும் தெரிந்துவிடும். கூகுள் போட்டோஸில் நேரம் மாற்றுகிறவர்கள் கவனிக்க: அந்தத் திருத்தம் அவர்கள் பட்டியலில்தான் இருக்கும், படக் கோப்புக்குள் எழுதப்படாது. டேக்அவுட்டில் (கூகுளிலிருந்து நம் படங்களை மொத்தமாக இறக்கும் வசதி) இறக்கினால் பக்கத்தில் ஜேசன் என்ற ஒரு குறிப்புக் கோப்பாகத் தனியே வரும். ஹார்டு டிஸ்கில் வைக்கப்போகிற படம் என்றால் கணினியிலேயே திருத்திவிட்டு, அப்புறம் மேலே ஏற்றுங்கள்.